இலவசம் தீர்ந்ததும் என்ன நடக்கும்? பொழுதுபோக்காக மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு செலவு வழிகாட்டி

பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்திலோ வேலை. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்து கோயிலுக்கு ஒரு செயலி, தமிழ்ப்பள்ளிக்கு ஒரு சொல் விளையாட்டு, ரேப்பிட் பினாங்கு பேருந்து எங்கே வருகிறது என்று சொல்லும் ஒரு டெலிகிராம் பாட் (தானாக இயங்கும் நிரல்). யாரும் சம்பளம் தருவதில்லை, நாமும் எதிர்பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்கு. நிறுவனக் காசில் கிளவுட் (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினி) வாங்குகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

இலவசத் திட்டங்களை ஒப்பிடும் பட்டியல்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. எத்தனை ஜிபி, எத்தனை லட்சம் கோரிக்கை என்று அளவை மட்டும் அடுக்கியிருப்பார்கள். என்னைக் கேட்டால் அளவு இரண்டாம்பட்சம். கொடுத்த அளவு தீர்ந்ததும் சேவை நின்றுபோகுமா, அல்லது ஓடிக்கொண்டே இருந்து பில் போடுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நின்றுபோனால் நமக்குக் கொஞ்சம் வெட்கக்கேடு, அவ்வளவுதான். பில் போட்டால் வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டிவரும்.

இலவசம் ஏன் நிலைப்பதில்லை

ஹெரோக்கு நல்ல உதாரணம். நாம் எழுதிய செயலியை இணையத்தில் ஏற்றி ஓடவைக்க 2007இல் தொடங்கிய சேவை. 2010இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கியது. ஒரு தலைமுறை நிரல் கற்றவர்கள் தங்கள் முதல் வலைத்தளத்தை அங்கேதான் இலவசமாக ஏற்றினார்கள். 2022 ஆகஸ்டில் இலவசத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். நவம்பர் 28 முதல் நிறுத்தியே விட்டார்கள். மோசடிக்காரர்கள் இலவசக் கணக்குகளைத் துஷ்பிரயோகம் செய்வதைச் சமாளிக்கவே தங்கள் ஆட்களின் உழைப்பு போகிறது என்று காரணம் சொன்னார்கள். அது பொய்யில்லை. இலவசமாகக் கணினி நேரம் கிடைக்கும் இடத்துக்கெல்லாம் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள். அதே 2022இல் வட்டி விகிதமும் ஏறியது. முதலீட்டாளர் காசை வைத்து இலவசம் கொடுத்துவந்த இளம் நிறுவனங்களும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தன. பிளானட்ஸ்கேல் 2024இல் தன் இலவச டேட்டாபேஸ் திட்டத்தை எடுத்தது. கிளிட்ச் 2025 ஜூலையில் செயலிகளை ஏற்றி வைப்பதையே நிறுத்தியது.

ஏபிஐகளின், அதாவது வேறொரு நிறுவனத்தின் சேவையை நம் நிரல் கேட்டு வாங்கும் வழிகளின், கதை இன்னும் கடுமை. கூகுள் மேப்ஸ் 2018இல் விலைமுறையை மாற்றி, எல்லாரும் அட்டை கொடுத்தே ஆகவேண்டும் என்றது. டுவிட்டர் 2023இல் பழைய இலவச ஏபிஐயை மூடி, ஓரளவு பயன்படும் திட்டத்துக்கு மாதம் 100 டாலர் கேட்டது. ரெடிட் அதே ஆண்டு ஆயிரம் அழைப்புக்கு 24 அமெரிக்க சென்ட் என்று விலை வைத்தது. அதனால் ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை ஆகும் என்று கணக்குச் சொல்லி, ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ என்ற புகழ்பெற்ற செயலி ஜூன் 30 அன்று மூடப்பட்டது.

நிறுவனமாக இருந்தால் கூடிய விலையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிடும். நமக்கு வாடிக்கையாளரே கிடையாது. அதனால் விலை ஐந்து டாலர் ஏறினாலும், "இதை இன்னும் ஓட்ட வேண்டுமா?" என்று நம் தலைக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. பல நல்ல சின்னச் செயலிகள் அந்தப் பஞ்சாயத்தில்தான் செத்துப்போகின்றன.

படி 1: விலையை வெள்ளியில் எழுதுங்கள், அதுவும் மோசமான நாளின் வெள்ளியில்

விலைப்பட்டியல் எல்லாம் டாலரில் இருக்கும். "ஐந்து டாலர்தானே" என்று படிக்கும்போது மனம் அதை ஐந்து வெள்ளியாக, அதாவது ஐந்து மலேசிய ரிங்கிட்டாக, எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4 வெள்ளி 80 காசு வரை போனது. 1998 நெருக்கடிக்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு இறங்கியதில்லை. அதற்குப் பிறகு நன்றாகவே மீண்டிருக்கிறது. ஆனாலும் 4.80இல்தான் கணக்குப் போடச் சொல்வேன். அந்த விகிதத்திலும் கட்ட முடிந்தால் மட்டுமே அது நமக்குக் கட்டுப்படியாகும் சேவை. இன்றைய விகிதத்தில் வாங்கினால், ரிங்கிட் தடுமாறும்போது செயலியும் சேர்ந்து தடுமாறும்.

இதன்மேல் வரி. வெளிநாட்டு நிறுவனங்கள் நமக்கு விற்கும் டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து சேவை வரி இருக்கிறது. முதலில் 6 சதவீதம், 2024 மார்ச் முதல் 8 சதவீதம். சுங்கத்துறையில் பதிந்துகொண்ட நிறுவனங்கள் இதைப் பில்லிலேயே சேர்ப்பார்கள். ஆக 5 டாலர் என்பது 24 வெள்ளி, வரியோடு 25.92. மாதம் 20 டாலர் திட்டம் 103 வெள்ளி 68 காசு. 25 டாலர் திட்டம் 129 வெள்ளி 60 காசு. ஆண்டுக்கு 1,555 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். வங்கி அந்நியச் செலாவணிக்கு எடுப்பது தனி.

சான் ஃபிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து "ஒரு காப்பி விலைதான்" என்று எழுதுகிறவருக்கு 5 டாலர் உண்மையிலேயே காப்பி விலை. நம் ஊரில் அந்தக் காசுக்கு நாலு பேர் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரேயோடு பசியாறிவிட்டு எழுந்து வரலாம்.

படி 2: நிற்குமா, பில் போடுமா?

ஒரு தாளை இரண்டாக மடித்து, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு சேவையையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

நிற்கும் பக்கம்: கூகுள் தரும் ஃபயர்பேஸின் ஸ்பார்க் திட்டம், கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் இலவசத் திட்டம், வெர்செலின் ஹாபி திட்டம், சுபாபேஸ் இலவசத் திட்டம், கிட்ஹப் பேஜஸ். எல்லாமே செயலி, தளம், தரவு ஆகியவற்றை ஏற்றி வைக்கும் இடங்கள். இவற்றில் அளவு தாண்டினால் பிழைச் செய்தி வரும், அல்லது எழுதமுடியாமல் போகும், அல்லது கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்கள். காசு கேட்க மாட்டார்கள்.

பில் போடும் பக்கம்: ஃபயர்பேஸின் பிளேஸ் திட்டம், அட்டை கொடுத்துத் திறந்த கூகுள் கிளவுட் கணக்கு, பழைய முறையில் திறந்த அமேசான் ஏடபிள்யூஎஸ் கணக்கு. இங்கேயும் இலவச அளவு உண்டு. தாண்டியதும் மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

ஃபயர்பேஸ் ஒன்றே இரண்டு பக்கத்திலும் இருப்பதைக் கவனியுங்கள். கிளவுட் ஃபங்ஷன்ஸ் (நம் நிரலை கூகுள் கணினியிலேயே ஓடவைக்கும் அம்சம்) வேண்டுமென்றால் பிளேஸுக்கு மாறியாக வேண்டும். ஒரே ஒரு அம்சத்துக்காக அந்தப் பொத்தானை அழுத்தும்போது, முழுத் திட்டமும் பில் போடும் பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. அழுத்துவதற்கு முன் அந்த ஒரு அம்சத்தை வேறு இடத்தில் செய்யமுடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

பட்ஜெட் எச்சரிக்கை என்று ஒன்று இருக்கிறதே, 10 டாலர் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி வைத்திருக்கிறேனே என்பீர்கள். அது எச்சரிக்கை மட்டும்தான்; கதவை மூடாது. பில் விவரமும் உடனுக்குடன் வராது, பல மணி நேரம் பின்தங்கியே வரும். இரவு பதினோரு மணிக்கு ஒரு பாட் உங்கள் தளத்தைச் சுரண்ட ஆரம்பித்தால், மின்னஞ்சல் வந்து, நீங்கள் விழித்து, அதைப் படிப்பதற்குள் காசு போய்விட்டிருக்கும். 2024 பிப்ரவரியில் நெட்லிஃபையில் ஒரு எளிய தளம் வைத்திருந்தவருக்கு 1,04,500 டாலர் பில் வந்தது. யாரோ அவர் தளத்திலிருந்த ஓர் ஒலிக்கோப்பைக் கணக்கில்லாமல் இறக்கியிருந்தார்கள். விஷயம் இணையத்தில் பரவி, நிறுவனம் முழுத் தொகையையும் தள்ளுபடி செய்தது. சத்தம் போட்டதால் தப்பித்தார் என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

கூகுள் கிளவுடில் உண்மையான தடுப்பு வேண்டுமென்றால் பட்ஜெட் பக்கத்தை விட்டுவிட்டு, ஏபிஐ கோட்டா (அழைப்பு வரம்பு) பக்கத்துக்குப் போங்கள். மேப்ஸ் போன்ற ஏபிஐகளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்று அங்கே நீங்களே வரம்பு வைக்கலாம். அந்த வரம்பு தாண்டினால் அழைப்பு மறுக்கப்படும். 2025 மார்ச் முதல் மேப்ஸின் அடிப்படைச் சேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் மாதம் 10,000 அழைப்பு இலவசம். நாளுக்கு 300 என்று வரம்பு வைத்தால் 31 நாள் மாதத்திலும் 9,300தான் ஆகும். உங்கள் ஏபிஐ சாவியை (உங்கள் கணக்கை அடையாளம் காட்டும் குறியீட்டுச் சொல்) வேறெங்கும் பயன்படுத்தமுடியாதபடி தள முகவரிக்கும் கட்டுப்படுத்துங்கள்.

ஏடபிள்யூஎஸ் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம். 2025 ஜூலை 15க்குப் பிறகு திறக்கும் கணக்குகளுக்கு, பழைய 12 மாத இலவசத்துக்குப் பதிலாக 200 டாலர் வரை கிரெடிட் தருகிறார்கள். இலவசத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம் முடிந்ததும் அல்லது கிரெடிட் தீர்ந்ததும் கணக்கு மூடிக்கொள்ளும். காலம் குறைந்துவிட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இதுதான் பாதுகாப்பு என்பது என் கட்சி.

படி 3: அளவை உங்கள் பயன்பாட்டோடு பெருக்கிப் பாருங்கள்

"நாளுக்கு 50,000 வாசிப்பு இலவசம்" என்று படித்ததும் கடல் மாதிரித் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பினாங்கு தைப்பூசத்துக்கு ஒருவர் தண்ணீர்ப் பந்தல் செயலி செய்கிறார் என்று வையுங்கள். எந்தப் பந்தல் எங்கே இருக்கிறது, என்ன சாப்பாடு, எத்தனை மணி வரை. ஜாலான் உத்தாமாவிலிருந்து தண்ணீர்மலை வரை 120 பந்தல்கள் என்று கொள்வோம். ஃபயர்பேஸின் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரில் பந்தலுக்கு ஒரு ஆவணம்; ஓர் ஆவணத்தை எடுத்தால் ஒரு வாசிப்பு. பயிற்சிக் காணொளிகள் எல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன. ஒருவர் செயலியைத் திறந்து பட்டியலைப் பார்த்தால் 120 வாசிப்பு. 50,000ஐ 120ஆல் வகுத்தால் 416. அவ்வளவுதான் கடல். நானூற்றுப் பதினேழாவது ஆள் திறக்கும்போது பட்டியல் காலியாக இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த அளவு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் அது நமக்குச் சாயங்காலம் நான்கு மணி. காலை ஆறரைக்கு அளவு தீர்ந்தால், வெயிலில் காவடி ஏறும் நேரம் முழுக்கச் செயலி படுத்துக்கிடக்கும். கூட்டம் கலையத் தொடங்கும்போது எழுந்து உட்காரும். கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸின் நாளுக்கு ஒரு லட்சம் கோரிக்கை புதுப்பிக்கப்படுவது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில், அதாவது நம் காலை எட்டு மணிக்கு. உங்கள் சேவை எத்தனை மணிக்குப் புதுப்பிக்கிறது என்பதைத் தாளில் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அளவைக் கூட்ட இங்கே காசு தேவையில்லை. வடிவத்தை மாற்றினால் போதும். 120 பந்தலையும் ஒரே ஆவணத்தில் போட்டால், ஒருவர் திறப்பதற்கு ஒரே வாசிப்பு. 416 பேர் 50,000 பேர் ஆகிவிடுவார்கள். ஆவணத்தின் அளவு 1 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பந்தலுக்கு 250 தமிழ்க் குறியீடு (யூனிகோடில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குறியீடு, மூன்று பைட்) என்றால் 750 பைட். 120 பந்தலுக்கு 90 கேபி. தாராளமாக அடங்கும்.

இன்னும் ஒரு படி மேலே போனால் டேட்டாபேஸே வேண்டாம். அந்தப் பட்டியலை ஒரு ஜேசன் கோப்பாக (தரவை வைக்கும் எளிய உரைக்கோப்பு) எழுதி கிட்ஹப் பேஜஸிலோ கிளவுட்ஃப்ளேர் பேஜஸிலோ வைத்துவிடுங்கள். கிட்ஹப் பேஜஸ் மாதம் 100 ஜிபி என்று கண்டிப்பில்லாத வரம்பு சொல்கிறது. 90 கேபி கோப்பைப் பத்து லட்சம் பேருக்கு மேல் இறக்கினாலும் தாங்கும். ஃபயர்பேஸ் ஹோஸ்டிங்கில் வைத்தால் இலவச அளவு நாளுக்கு 360 எம்பிதான். சுருக்காமல் அனுப்பினால் நாலாயிரம் பேரோடு சரி. ஒரே கோப்பு, இடம் மாறினால் இவ்வளவு வித்தியாசம்.

"சாப்பாடு தீர்ந்துவிட்டது" என்பதை எப்படிக் காட்டுவது? தொண்டர்கள் ஒரு டெலிகிராம் பாட்டுக்குச் செய்தி அனுப்பட்டும். டெலிகிராம் பாட் ஏபிஐக்குக் காசு இல்லை. கிட்ஹப்பின் தானியங்கி வேலைச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வேலை ஓடி, வந்த செய்திகளைப் படித்து ஜேசன் கோப்பைப் புதிதாக எழுதட்டும். நிரலை எல்லாரும் பார்க்கும்படி வைத்த பொதுக் களஞ்சியத்துக்கு அது இலவசம். சில நேரம் ஐந்து நிமிடம் பத்து நிமிடமாக இழுக்கும். மோர் தீர்ந்த செய்தி பத்து நிமிடம் தாமதமாக வந்தால் யாருக்கும் குடிமுழுகிப் போகாது. வரைபடத்தைச் செயலிக்குள் பதிக்காமல், தொட்டால் வேஸோ கூகுள் மேப்ஸோ திறக்கும்படி ஒரு இணைப்பு மட்டும் கொடுங்கள். அதற்கு அழைப்புக் கணக்கே இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. "தண்ணீர்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 21 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட். ஆக 500 எம்பி டேட்டாபேஸ் என்று விளம்பரம் செய்யும்போது, நம் மொழிக்கு அது ஆங்கிலேயருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு மாதிரிதான். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறியீடு. ஒரே செய்திக்கு இரண்டு மூன்று மடங்கு காசு. கூகுள் மொழிபெயர்ப்பு ஏபிஐ மாதம் 5 லட்சம் குறியீடு இலவசம் என்கிறது. கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். செயற்கை நுண்ணறிவு ஏபிஐகளிலும் ஒரே கருத்தைத் தமிழில் சொன்னால் ஆங்கிலத்தைவிட டோக்கன் (கட்டணத்துக்கு எண்ணப்படும் சொல்துண்டு) கூடப் போகும். ஆங்கில உதாரணத்தை வைத்து எழுதிய எந்தச் செலவுக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறுதலாக ஒன்று. தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டே மதிப்புகளில் ஒன்றாகத்தான் வரும். அதனால் சுருக்கி அனுப்பும்போது நன்றாகவே சுருங்கும். எழுத்துருவைத் தனியாக இறக்காதீர்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. பந்தல் பட்டியலைவிட அழகு எழுத்துரு கனமாக இருக்கும் தளங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

படி 4: தூங்கும் சேவைகளைத் தெரிந்து வையுங்கள்

ரெண்டரின் இலவச வலைச்சேவை 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். எழுப்ப ஒரு நிமிடம் வரை ஆகும். வாட்ஸ்அப்பில் இணைப்பைத் தொட்ட அம்மா ஒருவர் ஒரு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க மாட்டார். மாதம் 750 மணி நேரம் இலவசம். 31 நாளுக்கு 744 மணி நேரம். ஒரு சேவையை விழித்தே வைத்திருக்கப் போதும், இரண்டுக்குப் போதாது. அங்கே இலவச போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 30 நாளில் காலாவதியாகும், அதனால் பழகிப் பார்க்க மட்டும். சுபாபேஸ் ஒரு வாரம் பயன்பாடே இல்லாத இலவசத் திட்டத்தை நிறுத்தி வைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை விழாவுக்குத் திறக்கும் செயலிகளுக்கு இது சரிப்படாது.

படி 5: விதிமுறைகளில் மூன்று வரிகளை மட்டும் தேடுங்கள்

முழுதையும் யாரும் படிப்பதில்லை. மூன்றைத் தேடினால் போதும்.

முதலாவது, வணிகப் பயன்பாடு. வெர்செலின் ஹாபி திட்டம் தனிப்பட்ட, வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். டியூஷன் வகுப்புக்குக் கட்டணம் வாங்கும் பக்கம் அதில் வைக்கக் கூடாது. அத்தையின் முறுக்கு வியாபாரத்துக்கும் கூடாது.

இரண்டாவது, உங்கள் தரவை என்ன செய்வார்கள். கூகுளின் ஜெமினி ஏபிஐ இலவச அளவில் அனுப்பும் உள்ளடக்கத்தைத் தங்கள் தயாரிப்புகளை மேம்படுத்தப் பயன்படுத்துவோம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டை எண், கோயில் நன்கொடையாளர் பட்டியல் எதையும் அந்த வழியாக அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, எந்த வட்டாரம், அதாவது சர்வர் எந்த ஊரில் இருக்கிறது. கூகுள் கிளவுடின் நிரந்தர இலவசக் கணினி அமெரிக்காவின் மூன்று வட்டாரங்களில் மட்டுமே கிடைக்கும். ஜார்ஜ்டவுனிலிருந்து ஒவ்வொரு கோரிக்கையும் பசிபிக்கைக் கடந்து போய்வர வேண்டும். ஏடபிள்யூஎஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே வட்டாரம் திறந்தது, சிங்கப்பூரிலும் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பது எப்போதும் இலவசமாக இருப்பதில்லை.

படி 6: வெளியேறும் வழியை முதல் நாளே கட்டுங்கள்

இதற்கு மூன்று வேலை. சொந்த டொமைன் (தள முகவரிப் பெயர்) வாங்குங்கள். இலவச முகவரியை மக்களிடம் பரப்பினால் நீங்கள் மாறும்போது அவர்கள் தொலைந்துபோவார்கள். டாட் காம் ஆண்டுக்கு 60 வெள்ளிக்குள் கிடைக்கும். நான் கட்டாயமாகக் காசு கொடுக்கச் சொல்வது இது ஒன்றுக்குத்தான். அடுத்து, டேட்டாபேஸ் வேண்டுமென்றால் சாதாரண போஸ்ட்கிரெஸோ எஸ்கியூலைட்டோ எடுங்கள். ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் விசேஷ டேட்டாபேஸில் மாட்டிக்கொண்டால், விலை ஏறும் நாளில் செயலியையே திருப்பி எழுத வேண்டியிருக்கும். மூன்றாவதாக, வாரம் ஒருமுறை தரவை இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். நீங்கள் மறந்தாலும் மறக்காதபடி தானியங்கியாக. இறக்கியதை ஒருமுறையாவது வேறு இடத்தில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத காப்பு, காப்பே இல்லை.

படி 7: அட்டை

பலர் வங்கிச் சம்பளக் கணக்கின் டெபிட் அட்டையையே கொடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். டச் அன் கோ இவாலட்டின் விசா அட்டை போன்ற முன்பண அட்டையில் அளவாகக் காசு வைத்துக் கொடுக்கலாம். சில நிறுவனங்கள் முன்பண அட்டையை ஏற்பதில்லை, அப்போது தனியாக ஒரு சின்னச் சேமிப்புக் கணக்கின் அட்டை. அட்டையில் காசு இல்லாவிட்டாலும் பில் கடனாக நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. அட்டை உங்கள் வங்கிக் கணக்கைத்தான் காக்கும். மீட்டரை நிறுத்த, படி 2.

படி 8: காசு கொடுப்பதென்றால் எங்கே?

டொமைனுக்குப் பிறகு, மாதம் 5 டாலருக்குள் ஏதோ ஒன்று. கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் கட்டணத் திட்டம் 5 டாலரில் தொடங்குகிறது. அல்லது சிங்கப்பூரில் ஒரு சின்ன லினக்ஸ் சர்வர். டிஜிட்டல் ஓஷனில் 4 டாலரிலிருந்து இருக்கிறது. பத்துச் சின்னச் செயலிகள் வைத்திருப்பவருக்குச் சர்வர்தான் லாபம். ஒரே வாடகையில் பத்தும் ஓடும், பில் மாதாமாதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்பு உங்கள் தலையில் விழும், அது அதன் விலை.

வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை (கையளவுச் சின்னக் கணினி) வைத்து ஓட்டுவது இன்னொரு வழி. 5 வாட் என்றால் மாதம் 3.6 யூனிட் மின்சாரம், இரண்டு வெள்ளியைத் தாண்டாது. கிளவுட்ஃப்ளேர் டனல் வழியாக வெளியுலகுக்குத் திறக்கலாம், அதற்கும் காசில்லை. ஆனால் கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு இடி மின்னலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மின்னல் தடுப்பு உள்ள பிளக் வாங்குங்கள், மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள்.

செயலிக் கடைகள் வேறு கதை. கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர், நம் மோசமான நாள் கணக்கில் வரியோடு 513 வெள்ளி. பிளேயில் 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், வெளியிடும் முன் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆள் பிடிப்பதுதான் அங்கே உண்மையான செலவு. கோயில் செயலிக்கும் பள்ளிச் செயலிக்கும் பெரும்பாலும் ஒரு வலைப்பக்கமே போதும். கடைக்குள் இருந்தால்தான் கௌரவம் என்று நினைக்காதீர்கள்.

நிரல் எழுத உதவும் கருவிகளுக்கு மாதம் 20 டாலர் கட்டும் முன் இலவச அளவைத் தீர்த்துப் பாருங்கள். கிட்ஹப் கோபைலட் 2024 டிசம்பரில் இலவசத் திட்டம் கொண்டுவந்தது. மாணவராக இருந்தால் கிட்ஹப் மாணவர் தொகுப்பை முதலில் வாங்குங்கள்.

படி 9: கமிட்டியிடம் சரியாகப் பேசுங்கள்

செயலி நன்றாக ஓடினால் ஒரு நாள் கோயில் பொருளாளர் கேட்பார்.

"தம்பி, இதுக்கு மாசம் எவ்ளோ வரும்?"

"ஒன்னும் வராதுங்கய்யா, ஃப்ரீதான்" என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த பதிலால் அடுத்த ஆண்டு விலை வரும்போது கமிட்டியிடம் போய் நிற்கவும் முடியாது, கையிலிருந்து போடவும் மனம் வராது. இப்படிச் சொல்லுங்கள்:

"இந்த வருசம் டொமைன் மட்டும், அறுபது வெள்ளிக்குள்ள. அது கோயில் பேர்ல இருக்கணுங்கய்யா, என் பேர்ல வேணாம். அடுத்த வருசம் அவங்க விலை வச்சா மாசம் இருபத்தாறு வெள்ளி வரைக்கும் போகலாம். அதுக்கு மேல கேட்டா வேற இடத்துக்கு மாத்திடுவேன்."

கணக்குகளைக் கோயிலின் பொது மின்னஞ்சலில் திறங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறந்தால், நீங்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் கமிட்டிக்கும் உங்களுக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

படி 10: "எங்கள் விலைமுறையில் மாற்றம்" என்று மின்னஞ்சல் வந்தால்

கோபத்தில் அன்றிரவே மாற்றாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். ஹெரோக்கு மூன்று மாதம் கொடுத்தது, எல்லாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. தரவை உடனே இறக்குங்கள். கடந்த மாதம் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்று பாருங்கள். யாருமே வரவில்லையென்றால் பக்கத்தை ஒரு நிலையான கோப்பாகச் சேமித்து கிட்ஹப் பேஜஸில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆட்கள் வருகிறார்களென்றால் புதிய விலையை 4.80ஆல் பெருக்கி, 8 சதவீதம் சேர்த்து, கமிட்டியிடம் சொன்ன எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கட்டுங்கள், அதில் தப்பில்லை. வராவிட்டால் புது இடத்தில் ஏற்றி, இரண்டையும் ஒரு வாரம் சேர்ந்தே ஓடவிட்டு, பிறகு டொமைனைத் திருப்புங்கள். கடைசியாகப் பழைய கணக்குக்குள் போய், மிச்சமிருக்கும் டேட்டாபேஸ், டிஸ்க், பொது ஐபி முகவரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்த பிறகே அட்டையை எடுங்கள். ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு பொது ஐபிவி4 முகவரிக்கே மணிக்கு 0.005 டாலர் எடுக்கிறது. மறந்துவிட்டுப் போன ஒன்று மாதம் மூன்றரை டாலருக்கு மேல் தின்னும்.